ஜூனில் சிங்கப்பூர் வருகிறோம், பிள்ளைகளுக்குப் பள்ளி எப்படிப் பார்ப்பது?

திருச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியாகிவிட்டது, 2026 ஜூனில் குடும்பமாக வருகிறார்கள். மகள் 2018 செப்டம்பரில் பிறந்தவள், அங்கே இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். மகன் 2020 மார்ச்சில் பிறந்தவன், யுகேஜி முடித்தவன். அரசுப் பள்ளியில் இடம் கிடைக்குமா, எது நல்ல பள்ளி, அதன் பக்கத்திலேயே வீடு பிடிக்கலாமா, தமிழ் சொல்லித் தருவார்களா என்பது அவர் கேள்வி.

நானும் பதினொரு வருடத்துக்கு முன்னால் நான்கு பெட்டியும் ஒரு பையனுமாக வந்து இறங்கியவள்தான். பையன் தேர்வு எழுதி இடையில் சேர்ந்தான். இங்கே வந்தபின் பிறந்த சின்னவள் தொடக்கநிலை ஒன்றிலேயே, அதாவது ஒன்றாம் வகுப்பிலேயே, சேர்ந்தாள். உங்கள் இரண்டு பிள்ளைகளின் கதையும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காலண்டர். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மற்ற எல்லாம் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரி முதல் வாரம் தொடங்கி நவம்பரில் முடியும். பத்துப் பத்து வாரமாக நான்கு தவணைகள். ஜூனில் நான்கு வாரம் விடுமுறை, ஆண்டுக் கடைசியில் ஆறு வாரம். நம் ஊரில் புதுப் புத்தகத்துக்கு அட்டை போடும் ஜூன் மாதத்தில், இங்கே பாதி ஆண்டு ஓடி முடிந்திருக்கும்.

எந்த வகுப்பு என்பதை முக்கியமாக வயதுதான் முடிவு செய்கிறது. ஓர் ஆண்டின் ஜனவரி 2 முதல் மறு ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே செட். ஏழு வயது நிறைகிற ஆண்டில் தொடக்கநிலை ஒன்று. அந்தக் கணக்கில் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் 2025இல் ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள், இப்போது இரண்டில் இருக்கிறார்கள், 2027 ஜனவரியில் மூன்றுக்குப் போவார்கள். உங்கள் மகனுக்கு 2027 ஜனவரியில்தான் ஒன்றாம் வகுப்பே. திருச்சியில் இருந்தால் இந்த ஜூனிலேயே போயிருப்பான், இங்கே ஆறு மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். என் பையன் விஷயத்தில் இதை ஊருக்குப் போன் செய்து சொன்னபோது என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "புள்ள ஃபெயிலாயிட்டானா?" என்பதுதான். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி மகன். அவன் விஷயம்தான் அவசரம்.

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு இங்கே கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படிக்கும் பள்ளி என்றால் முதல் கட்டம். பெற்றோர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர் என்பது போன்ற தொடர்புகளுக்கு அடுத்தது. பள்ளியில் தொண்டூழியம் செய்தவர்கள், அதோடு இணைந்த தேவாலயம், சீனர் குலச் சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர்கள் அதற்கடுத்து. எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அதன் பிறகு. இதெல்லாம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். ஜூலை வாக்கில் தொடங்கி இவை எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் இடங்கள்தான், மூன்றாம் கட்டம் என்று பெயர் வைத்திருக்கும் கடைசிக் கட்டத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வரும். அந்தக் கட்டத்தில் நிற்க, சேர விருப்பம் என்று கல்வி அமைச்சின் இணையதளத்தில் முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். அது திறந்திருப்பது சில நாள்தான், வழக்கமாக மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில். இடம் உண்டா இல்லையா என்ற பதில் அக்டோபர் வாக்கில் வரும்.

அதாவது நீங்கள் விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில் அந்தப் படிவம் திறந்து மூடிவிடலாம். வந்து இறங்கி, வீடு பிடித்து, பாத்திரம் பண்டம் வாங்கி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் தவிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு நுழைவுத் தேர்வு எழுதி இரண்டாம் வகுப்புக்குப் போவதுதான். ஆகவே அமைச்சின் பக்கத்தை இன்றே திறந்து இந்த ஆண்டுக்கான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எது நல்ல பள்ளி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊர் முழுக்கக் கேட்கிற கேள்விதான் அது. ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை என்பதற்காகவே வீடு மாறும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தப் பந்தயம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நடுவே நடப்பது. எல்லோரும் முண்டியடிக்கும் பள்ளிகள் மூன்றாம் கட்டம் வருவதற்குள் நிரம்பிவிடும். உங்களுக்குக் கிடைப்பது இடம் மிஞ்சிய பள்ளி. அதைக் கேட்டு முகம் சுருங்க வேண்டாம். பாடத்திட்டம் எல்லா அரசுப் பள்ளிக்கும் ஒன்றுதான். முதல் இரண்டு வகுப்பில் ஏறத்தாழ முப்பது பிள்ளைகள்தான், அந்த இரண்டு ஆண்டும் மதிப்பெண் போடும் தேர்வே கிடையாது. என் சின்னவள் போனது யாரும் பெயர் சொல்லிப் பெருமைப்படாத, அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளி. முதல் நாள் இடைவேளையில் பெற்றோர் எல்லோரும் கேன்டீன் ஓரம் கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி இவள் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். இவள் உள்ளங்கையில் சில்லறையை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணிக் கொடுத்து, ஒரு கிண்ணம் மீ (நூடுல்ஸ்) வாங்கிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அழுதது நான்தான்.

இப்போது மகள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கோ அதற்கு மேலோ சேர ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் அந்தத் தேர்வு இல்லை. ஆறில் பிஎஸ்எல்இ என்ற பொதுத்தேர்வு இருப்பதால் அங்கே புதிதாக யாரையும் நுழைப்பதில்லை. தேர்வு வழக்கமாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும், தேறியவர்கள் மறு ஆண்டு ஜனவரியில் சேர்வார்கள். உங்கள் மகள் இந்த ஆண்டு எழுதினால் 2027இல் மூன்றாம் வகுப்பு. விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே திறக்கும். தேறினாலும் இடம் காலியாக இருந்தால்தான் கிடைக்கும், எந்தப் பள்ளி என்பதை அமைச்சே முடிவு செய்யும், அப்போது வீட்டு முகவரியையும் பார்ப்பார்கள்.

தேர்வு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மட்டும். ஆங்கிலம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, இரண்டு பத்தியைப் படித்து, விடுபட்ட சொல்லை நிரப்பத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது கணிதத்தில். வாய்ப்பாடு பதினாறு வரை மனப்பாடமாக இருக்கும், கூட்டல் கழித்தல் மின்னலாகப் போடுவார்கள், ஆனால் கேள்வி வாக்கியமாக வந்தால் நின்றுவிடுவார்கள். இதைப் பாருங்கள்: குமாரிடம் மீனாவைவிட 12 கோலி அதிகம். இருவரிடமும் சேர்த்து 40 கோலி. மீனாவிடம் எத்தனை? என் பையன் உடனே 40லிருந்து 12ஐக் கழித்து 28 என்று எழுதிப் பேனாவை மூடினான். இங்கே பிள்ளைகளுக்குக் கட்டம் வரையக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். மீனாவுக்கு ஒரு நீளக் கட்டம், அதற்குக் கீழே குமாருக்கு அதே நீளக் கட்டமும் அதன் வாலில் 12 என்று ஒரு சின்னக் கட்டமும். வாலை வெட்டினால் மிச்சம் 28, அதில் இரண்டு சமக் கட்டம், ஆக மீனாவுக்கு 14. படமாகப் பார்த்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கட்டம் வரையும் முறையை ஒன்றிரண்டு மாதம் பழகிவிட்டால் போதும், பயம் போய்விடும். சிங்கப்பூர் கணிதப் பயிற்சிப் புத்தகங்கள் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் மாடி மாடியாக இருக்கின்றன, பாப்புலர் கடைகளிலும் கிடைக்கும்.

பயிற்சி மையங்கள் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வந்த புதிதில் ஒரு மையத்தில், "எங்களிடம் சேர்த்தால் அரசுப் பள்ளி சீட் உறுதி" என்றார்கள். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினோம். அவர்கள் கொடுத்தது பழைய தாள்களின் மங்கலான நகல், வாரம் இரண்டு நாள். எந்த ஆசிரியர், எந்த முகவர் நினைத்தாலும் சீட் வாங்கித் தர முடியாது. அமைச்சு யாருக்கும் அந்த ஒப்பந்தம் கொடுக்கவில்லை. உறுதி என்ற சொல் வந்ததும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் ஜூன் முதல் டிசம்பர் வரை இருவரும் என்ன செய்வார்கள்? மகனுக்குப் பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு. கல்வி அமைச்சே நடத்தும் பாலர் பள்ளிகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், அங்கே கேட்டு நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். மற்ற பாலர் பள்ளிகள் பேட்டைக்குப் பேட்டை புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன, நேரில் போய்க் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். ஆறு மாதம் இந்த ஊர் ஆங்கிலம் காதில் விழுந்தாலே ஒன்றாம் வகுப்பில் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

மகளுக்கு இரண்டு வழி. வீட்டிலேயே வைத்துத் தேர்வுக்குத் தயார் செய்யலாம். கட்டாயக் கல்விச் சட்டம் இங்கே குடிமக்களுக்கு உரியது, உங்கள் பிள்ளை ஆறு மாதம் வீட்டில் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் புது ஊரில் எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்க நான்கு சுவருக்குள் இருப்பது லேசான காரியம் இல்லை, நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழி சிபிஎஸ்இ பாடத்திட்டம் உள்ள இந்தியப் பன்னாட்டுப் பள்ளி. பொங்கோலில் பெரிய வளாகம் வைத்திருக்கும் குளோபல் இந்தியன் பள்ளி, என்பிஎஸ், டிபிஎஸ் என்று சில இருக்கின்றன. அங்கே ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இடம் இருந்தால் நேராக மூன்றாம் வகுப்பிலேயே உட்காரலாம், காலம் விரயமாகாது. கட்டணம் கூடுதல், அதற்கு மேல் சேர்க்கைக் கட்டணம், பேருந்து. கம்பெனி பள்ளிச் செலவைத் தருமா என்று உங்கள் கணவர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், பின்னால் கேட்டால் நடக்காது.

இந்தியப் பள்ளியா உள்ளூர்ப் பள்ளியா என்பதில் என் கருத்து இது. இரண்டு வருட வேலை, அப்புறம் ஊர் திரும்புவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் சிபிஎஸ்இயிலேயே விடுங்கள். திரும்பிப் போகும்போது பிள்ளை அடி சறுக்காது. ஐந்து ஆறு வருடம் இருப்போம் என்று தோன்றினால் இப்போதே உள்ளூருக்கு முயலுங்கள். மேல் வகுப்புக்குப் போகப் போக நுழைவதும் கடினம், நுழைந்தவுடன் பிஎஸ்எல்இ வந்து நிற்கும். அதில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என நான்கு பாடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை நிலை, கூட்டுத்தொகை 4 வந்தால் மிகச் சிறப்பு, 32 என்றால் கடைசி. உயர்நிலைப் பள்ளி அதைப் பொறுத்தே அமையும். "பார்க்கலாம்" என்று நான்கைந்து வருடத்தை ஓட்டிவிட்டு ஐந்தாம் வகுப்பில் மாற்ற நினைப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி என்றதும் நம் ஊர் மாதிரி இலவசம் என்று நினைக்க வேண்டாம். குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக் கட்டணம் இல்லை. நிரந்தரவாசிகளுக்கு ஓரளவு. வெளிநாட்டவரிலும் ஆசியான் எனும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதலான விலை. மலேசியத் தமிழர் கட்டுவதைவிட நாம் அதிகம் கட்டுவோம். தொடக்கப்பள்ளிக்கு மாதம் ஆயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பிள்ளை என்றால் இரண்டு மடங்கு. பள்ளி மதியம் ஒன்றரை மணி வாக்கில் விட்டுவிடும், நீங்களும் வேலைக்குப் போவதாக இருந்தால் மாணவர் பராமரிப்பு நிலையச் செலவும் சேரும்.

இதனால்தான் பலர், நிரந்தரவாசம் வாங்கிவிட்டால் கட்டணம் குறையும், இடமும் சுலபம் என்று யோசிக்கிறார்கள். கட்டணம் குறைவது உண்மை. ஆனால் உங்களுக்கு ஆண் பிள்ளை இருக்கிறான். பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் பையனுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. பதினெட்டு வயதை ஒட்டி இரண்டு வருடம் முழுநேரம். நல்லதா கெட்டதா என்பது அவரவர் வீட்டு விஷயம், எங்கள் மாடியில் ஒரு பையன் போய்விட்டு வந்து ஆளே மாறி மிடுக்காக நிற்கிறான். பள்ளிக் கட்டணத்தை மட்டும் பார்த்து அவசரமாக விண்ணப்பிக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீடு விஷயம் சின்னது. பள்ளி தெரிவதற்கு முன்னால் பள்ளியைப் பார்த்து வீடு பிடிப்பதில் பொருள் இல்லை. கணவர் அலுவலகத்துக்கு எம்ஆர்டி ரயிலில் சுலபமாகப் போகிற இடமாகப் பாருங்கள், முதல் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் போடாமல் ஒரு வருடத்தோடு நிறுத்துங்கள். பள்ளி தெரிந்தபின் மாறிக்கொள்ளலாம். செங்காங், பொங்கோல், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கமெல்லாம் நடக்கும் தூரத்திலேயே பல பள்ளிகள் இருப்பதால் அமைச்சு ஒதுக்குவதும் பக்கத்திலேயே அமைய வாய்ப்பு உண்டு.

தமிழ். இதைத்தான் நீங்கள் கடைசியில், கொஞ்சம் தயங்கிக் கேட்ட மாதிரி இருக்கிறது. தயங்க வேண்டாம், தமிழ் இங்கே ஆட்சிமொழி. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே தாய்மொழி ஒரு பாடம், பிஎஸ்எல்இ வரைக்கும் உண்டு. தாய்மொழி வேளை வந்ததும் வகுப்பு பிரியும். சீனப் பிள்ளைகள் ஒரு பக்கம், மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகத் தமிழ் அறைக்கு நடப்பார்கள். மூன்று நான்கு வகுப்பிலிருந்து வந்து சேர்ந்தாலும் சில பள்ளிகளில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரிந்திருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் என்று சில இருக்கின்றன, அவற்றில் தாய்மொழியாகச் சீனம் மட்டுமே. நன்யாங், தாவ் நான், ஐ தொங் போன்றவை பெயரிலேயே சொல்லிவிடும். ஆனால் பிடோக் வட்டாரத்தில் ரெட் ஸ்வஸ்திகா என்றொரு பள்ளி இருக்கிறது. பெயரைப் பார்த்து நம்மவர் ஆரம்பித்தது போலிருக்கிறதே என்று என் கணவர் ஆசையாகப் போய் விசாரித்தார். சீனர்களின் தொண்டு அமைப்பு ஒன்று தொடங்கியது, அதுவும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது.

இங்கே சொல்லித் தரும் தமிழுக்கும் திருச்சித் தமிழுக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும். பேசுவதற்கு இங்கே நிறைய இடம் கொடுப்பார்கள். படத்தைக் காட்டிப் பேசச் சொல்வது, நண்பனிடம் சொல்வது போல ஒரு சம்பவத்தைச் சொல்வது எல்லாம் பாடத்திலேயே உண்டு. பல வீடுகளில் ஆங்கிலமே ஓடுவதால் அப்படி. உங்கள் மகள் சொல்வதெழுதுதலில் எல்லோரையும் தாண்டிவிடுவாள், ஆங்கிலத்தில் திணறும் முதல் வருடத்தில் அவள் நிமிர்ந்து உட்காரும் ஒரே வேளை தமிழ் வேளையாக இருக்கலாம். என் பையனுக்கு அப்படித்தான் இருந்தது. அதற்காகவே வீட்டில் தமிழை விடாதீர்கள். ஆங்கிலம் வரட்டும் என்று பிள்ளைகளோடு உடைந்த ஆங்கிலம் பேச ஆரம்பித்த வீடுகளில் கடைசியில் இரண்டும் அரைகுறையாகத்தான் நின்றிருக்கின்றன. தேசிய நூலகக் கிளைகளில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கும், ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கும், கூட்டிப் போங்கள். உங்கள் கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வருகிறவர் என்றால் சம்பளச் சீட்டில் சிண்டா என்று ஒரு சின்னக் கழிவு இருக்கும், என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். இந்தியச் சமூகப் பிள்ளைகளின் படிப்புக்காக 1991இல் தொடங்கிய அமைப்புக்குப் போகும் பணம் அது.

காகிதங்கள். பிள்ளைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் (வேலைக்கு வருகிறவரின் குடும்பத்துக்கான அனுமதி) கிடைத்துவிட்டால் தனியாக மாணவர் பாஸ் வேண்டியதில்லை. அந்த பாஸ் கிடைக்க உங்கள் கணவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், இதை உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் பிறந்த பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாஸ் விண்ணப்பத்தின்போதே தொண்டை அடைப்பான், தட்டம்மைத் தடுப்பூசிகளுக்குச் சான்று கேட்பார்கள். நாங்கள் ஊசி அட்டையைச் சரக்கில் அனுப்பிய பெட்டியில் போட்டுவிட்டோம். பெட்டி கப்பலில் வந்தது. அதற்குள் என் அம்மா தஞ்சாவூரில் பழைய டாக்டரைத் தேடிப் பிடித்து, தேதிகளை எழுதி வாங்கி, கையெழுத்தும் முத்திரையுமாகப் படம் எடுத்து அனுப்ப நேர்ந்தது. பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் அட்டைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ் (இங்கே யாரும் கேட்காவிட்டாலும் ஊர் திரும்பினால் அதுதான் முதலில் கேட்பார்கள்), ஊசி அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, உங்கள் கைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் பிள்ளையின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள், இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தால் அதைத் திருச்சியிலேயே சரி செய்துவிடுவது சுலபம்.